ஆறரை அடி ரோடு கிடைக்குமா? தஞ்சையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகும் சைக்கிள்காரர்கள்!

தஞ்சாவூர்,

சாயங்காலம் மணி நாலரை. பள்ளிக்கூட மணி அடிக்கிறது. கேட் திறந்ததுதான் தாமதம், திமுதிமுவென்று சைக்கிள்கள் வெளியே வருகின்றன.

கேரியரில் புத்தகப்பை. ஹேண்டில்பாரில் டிபன் பை. பிளஸ்-1 படிக்கும் பையன்கள், இரட்டைச் சடை போட்ட பெண்கள். இரண்டு நிமிடம் ரோடு பூராவும் மணிச்சத்தம்.

மூன்றாவது நிமிடம் டவுன் பஸ் வந்துவிடுகிறது. ஏர்ஹாரனைக் கேட்டதும் சைக்கிள்கள் ஓரம் ஒதுங்கப் பார்க்கின்றன.

ஒதுங்க ஓரம் எங்கே இருக்கிறது?

ஓரத்தில் வரிசையாக மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அதை ஒட்டி வாழைப்பழ வண்டி, அதற்குப் பின்னால் சரக்கு இறக்கும் மினி லாரி. நடுவில் பஸ். பஸ்சுக்கும் லாரிக்கும் இடையே இருக்கும் சந்துதான் சைக்கிள்காரனுக்கு! அந்தச் சந்தில் ஒரு கல் இடறினால் போதும், கதை முடிந்தது.

தஞ்சையில் மட்டும் அல்ல, தமிழ்நாட்டின் எல்லா ஊர்களிலும் இதே நிலைமைதான். கார் போக ரோடு இருக்கிறது. பஸ் நிற்க நிலையம் இருக்கிறது. நடந்து போகிறவனுக்குப் பெயருக்காவது ஒரு பிளாட்பாரம் உண்டு. சைக்கிளுக்கு மட்டும் எதுவுமே இல்லை.

யார் இந்த சைக்கிள்காரர்கள்?

"இந்தக் காலத்தில் சைக்கிளில் யார் போகிறார்கள்? எல்லோரும்தான் வண்டி வாங்கிவிட்டார்களே!" என்று பலர் கேட்பார்கள். கேட்கிறவர் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து இருப்பார்.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கீழவாசல் பக்கம் போய் நின்று பார்க்கவேண்டும். காய்கறி மூட்டை, கீரைக்கட்டு, பூக்கூடை எல்லாம் சைக்கிளில்தான் வருகிறது. பால்காரர் இரண்டு பக்கமும் கேன் கட்டிக்கொண்டு வருகிறார். ராத்திரி டூட்டி முடிந்த வாட்ச்மேன் தூக்கக் கண்ணோடு மிதித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.

ஏழு மணிக்குக் கொத்தனார், சித்தாள், பெயிண்டர். எட்டரைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். கரந்தை, பள்ளியக்ரகாரம், விளார், நாஞ்சிக்கோட்டை என்று நாலா பக்கத்தில் இருந்தும் டவுனுக்குள் வருகிறார்கள். பஸ் கட்டணம் மிச்சம் என்று வருகிறவரும் உண்டு. பஸ்சே இல்லாத நேரம் என்று வருகிறவரும் உண்டு.

2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு எடுத்தபோது இந்தியாவில் 100 வீட்டில் சுமார் 45 வீட்டில் சைக்கிள் இருந்தது. மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர் இருந்தது 21 வீட்டில்தான். கார் இருந்தது 5 வீட்டில்கூட இல்லை. அதற்குப் பிறகு மோட்டார் சைக்கிள் பெருகிவிட்டது உண்மை. ஆனால் சைக்கிள் ஒழிந்துவிடவில்லை.

ஒழியவும் ஒழியாது. காரணம், அரசாங்கமே வருடா வருடம் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கிறது.

இந்தத் திட்டம் 2001-2002-ல் தொடங்கியது. முதலில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு மட்டும் கொடுத்தார்கள். 2005-2006 முதல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ்-1 படிக்கும் எல்லோருக்கும் என்று ஆனது. ஆட்சி மாறினாலும் திட்டம் நிற்கவில்லை. மேடை போட்டு, மாலை போட்டு, போட்டோ எடுத்து சைக்கிள் கொடுக்கிறார்கள்.

ரொம்ப நல்ல காரியம். ஆனால் சைக்கிளைக் கொடுத்தவர்கள் அது போக ரோடு கொடுத்தார்களா? அதுதான் கேள்வி.

மோதல் எப்படி நடக்கிறது?

"சைக்கிளில் சென்றவர் மீது வாகனம் மோதியது. தூக்கி எறியப்பட்டவர் பரிதாபமாக இறந்தார்." பேப்பரில் நாலு வரியில் முடிந்துவிடும் செய்தி இது. படிக்கிறவர் "ச்சு" கொட்டிவிட்டு அடுத்த பக்கம் புரட்டிவிடுவார்.

ஆனால் இந்த மோதல்கள் விதியால் நடப்பவை அல்ல. பெரும்பாலும் இரண்டு மூன்று விதமாகவே நடக்கின்றன. தெரிந்துகொண்டால் தடுக்கலாம்.

முதலாவது, இடது பக்கத் திருப்பம். பஸ்சோ லாரியோ இடது பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது. உள்பக்கமாக ஒடித்துக்கொண்டு வரும். வண்டி எவ்வளவு நீளமோ அவ்வளவு உள்ளே வரும். லாரிக்கு இடது பக்கத்தில் ஒட்டினாற்போல நிற்கும் சைக்கிள், உயரத்தில் உட்கார்ந்து இருக்கும் டிரைவர் கண்ணில் படாது. முன்பகுதி தாண்டிவிட்டது, இனிமேல் பயமில்லை என்று சைக்கிள்காரர் நினைப்பார். அடுத்த நொடி பின்சக்கரம் மேலே ஏறிவிடும்!

இரண்டாவது, பின்னால் இருந்து மோதுவது. இது ராத்திரியில்தான் அதிகம். சைக்கிளில் விளக்கு இருக்காது. ரோட்டு விளக்கும் எரியாது. எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும். அந்தக் கூச்சத்தில் பின்னால் வருகிறவன் கண்ணுக்கு முன்னால் போகும் சைக்கிள் தெரியவே தெரியாது.

மூன்றாவது, கதவு. ஓரத்தில் நிற்கும் காரில் இருந்து திரும்பிப் பார்க்காமல் படாரென்று கதவைத் திறப்பார்கள். சைக்கிள் அதில் மோதும். ஓட்டியவர் நடுரோட்டில் விழுவார். பின்னால் வரும் வண்டி ஏறிவிடும். கார்க்காரர் "நான் மோதவே இல்லையே" என்பார்.

மூன்றிலும் ஒரு விஷயம் பொதுவாக இருக்கிறது. சைக்கிளும் கனமான வண்டியும் ஒரே தடத்தில் போகின்றன. தடத்தைப் பிரித்துவிட்டால் மூன்றும் குறைந்துவிடும்.

பயங்கரக் கணக்கு

2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ரோடு விபத்துகளில் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர் பலி ஆனார்கள். இது மத்திய அரசாங்கமே வெளியிட்ட கணக்கு. இதில் நடந்து போனவர்கள் 32 ஆயிரத்துக்கும் மேல். சைக்கிளில் போனவர்கள் 4 ஆயிரத்து 800-க்கும் மேல்.

அதாவது தினமும் 13 சைக்கிள்காரர்கள். காலையில் வீட்டில் இருந்து கிளம்பினார்கள், சாயங்காலம் திரும்பி வரவில்லை.

அதே ஆண்டில் தமிழ்நாட்டில் நடந்த விபத்துகள் 64 ஆயிரத்து 105. நாட்டிலேயே இதுதான் முதல் இடம்! இறந்தவர்கள் 17 ஆயிரத்து 884 பேர். இதில் உத்தரபிரதேசத்துக்கு அடுத்து இரண்டாவது இடம்.

வேகம்தான் எமன். மணிக்கு 60 கிலோ மீட்டரில் போகும் வண்டி ஒரு வினாடியில் 16 மீட்டருக்கும் மேல் போய்விடும். டிரைவர் கண்ணால் பார்த்து, மூளைக்கு எட்டி, காலால் பிரேக்கை மிதிக்கவே ஒரு வினாடி ஆகும். அந்த ஒரு வினாடியில் 50 அடிக்கும் மேல் பறந்திருக்கும். பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் தனி.

வேகம் இரண்டு மடங்கு ஆனால் இடி இரண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும். பள்ளிக்கூடத்துப் பிசிக்ஸ் பாடத்தில் இருப்பதுதான் இது. 30-ல் வந்து இடித்தால் கை கால் முறிவோடு தப்பிக்கலாம். 60-ல் இடித்தால் தப்பிப்பது அபூர்வம்.

அந்தக் காலத்து வில்லை

வயதானவர்களுக்கு நினைவு இருக்கும். ஒரு காலத்தில் சைக்கிளுக்கும் லைசென்ஸ் உண்டு. முனிசிபாலிட்டியில் வரி கட்டினால் ஒரு தகர வில்லை கொடுப்பார்கள். அதை சைக்கிளில் மாட்டிக்கொள்ளவேண்டும். வில்லை இல்லாவிட்டால் பிடித்துக்கொள்வார்கள்.

ராத்திரி விளக்கு இல்லாமல் போனால் போலீஸ்காரர் மறிப்பார். டைனமோ வாங்க வசதி இல்லாதவர்கள் எண்ணெய் விளக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு போவார்கள். டபுள்ஸ் போனாலும் கேஸ். போலீசைக் கண்டதும் பின்னால் இருப்பவன் குதித்து, ஒன்றும் தெரியாதவன் போல் நடப்பான். அவரைத் தாண்டிப் போய் மறுபடி ஏறிக்கொள்வான்!

அன்றைக்கு ரோட்டில் சைக்கிள்தான் ராஜா. வாடகை சைக்கிள் கடை இல்லாத தெரு கிடையாது. கடைக்காரர் நோட்டில் பெயர் எழுதி, மணி பார்த்துக் கொடுப்பார்.

பிறகு வில்லை போயிற்று. வாடகைக் கடை போயிற்று. விளக்கைக் கேட்ட போலீசும் போயிற்று. அன்றைக்கு சைக்கிளைப் பிடிக்கச் சட்டம் இருந்தது. இன்றைக்கு சைக்கிளைக் காப்பாற்றச் சட்டம் கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை.

1962-ல் போட்ட கணக்கு

அப்படிச் சட்டமோ விதியோ இல்லவே இல்லையா? இருக்கிறது!

இந்திய ரோடு காங்கிரஸ் என்ற அமைப்புதான் நாட்டில் ரோடு எப்படிப் போடவேண்டும் என்று அளவு சொல்கிறது. என்ஜினீயர்களுக்கு அது வேதம் மாதிரி. அந்த அமைப்பு சைக்கிளுக்குத் தனிப்பாதை எப்படிப் போடவேண்டும் என்று 1962-லேயே ஒரு புத்தகம் போட்டுவிட்டது. 2015-ல் அதைத் திருத்தி மறுபடியும் வெளியிட்டது.

1962 கணக்கு என்ன சொல்கிறது? நெரிசல் நேரத்தில் மணிக்கு 400 சைக்கிள் போய், மோட்டார் வண்டி 100 முதல் 200 வரை போனால் தனிப்பாதை போடலாம். மோட்டார் வண்டி மணிக்கு 200-ஐத் தாண்டிவிட்டால், சைக்கிள் 100 போனாலே தனிப்பாதை போடுவது நியாயம்.

மணிக்கு 200 வண்டி என்றால் நிமிடத்துக்கு சுமார் மூன்றே கால் வண்டி. காந்திஜி ரோட்டில் ஆத்துப்பாலம் பக்கம் ஒரு நிமிடம் நின்று பார்க்கட்டும். மூன்றே கால் வண்டி எண்ண ஒரு நிமிடமா வேண்டும்? மூச்சு விடுவதற்குள் போய்விடும்! பள்ளி விடும் நேரத்தில் நூறு சைக்கிளை எண்ணுவதும் பெரிய காரியம் அல்ல.

எவ்வளவு அகலம் வேண்டுமாம்? குறைந்தது 2 மீட்டர். அதாவது ஆறரை அடி. இரண்டு சைக்கிள் பக்கத்துப் பக்கத்தில் போக அது போதும். ஒன்றை ஒன்று முந்தவேண்டும் என்றால் 3 மீட்டர்.

ஆறரை அடி என்பது ஒரு கார் நிறுத்தும் அகலம். அவ்வளவுதான்.

கோடு போட்டால் போதாது

"சரி, ரோட்டு ஓரத்தில் ஒரு வெள்ளைக்கோடு போட்டு, சைக்கிள் படம் வரைந்துவிடலாமே" என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அது நடக்காத காரியம். மறுநாளே அந்தக் கோட்டுக்குள் ஆட்டோ நிற்கும். அதற்கு மறுநாள் தள்ளுவண்டி நிற்கும். மூன்றாம் நாள் கோடே தெரியாது.

டெல்லியில் நடந்த கதை எல்லோருக்கும் ஒரு பாடம். அங்கே 2008-ல் அம்பேத்கர் நகரில் இருந்து மூல்சந்த் வரை சுமார் 6 கிலோ மீட்டருக்கு பஸ்சுக்குத் தனிவழி போட்டார்கள். கூடவே சைக்கிளுக்கும் தனிப்பாதை போட்டார்கள். நெரிசல் வந்ததும் மோட்டார் சைக்கிள்காரர்கள் சைக்கிள் பாதைக்குள் புகுந்தார்கள். "ரோட்டைக் குறுக்கிவிட்டார்கள்" என்று கார்க்காரர்கள் கூச்சல் போட்டார்கள். 2016-ல் அந்த வழியையே இடித்துத் தள்ளிவிட்டார்கள்.

சென்னை மாநகராட்சி 2014-ல் ஒரு கொள்கை வகுத்தது. நடப்பவருக்கும் சைக்கிளுக்கும்தான் ரோட்டில் முதல் மரியாதை என்பது அதன் சாரம். பிளாட்பாரங்கள் அகலமாயின. 2019-ல் தியாகராயநகர் பாண்டி பஜாரில் நடப்பவர்களுக்காகவே அகலமான நடைபாதை வளாகம் திறந்தார்கள். நடக்கிறவருக்குக் கொஞ்சம் விடிவு வந்தது. சைக்கிள்காரருக்கு இன்னும் வரவில்லை.

அப்படியானால் எப்படித்தான் போடவேண்டும்? இதற்கு டென்மார்க் நாட்டில் கோபன்ஹேகன் நகரம் ஒரு வழி வைத்திருக்கிறது. ரோட்டைவிடச் சற்று உயரமாக சைக்கிள் பாதை, அதைவிடச் சற்று உயரமாக நடைபாதை. படிக்கட்டு மாதிரி மூன்று மட்டம். கார் நிறுத்துவது சைக்கிள் பாதைக்கு வெளியே, ரோட்டுப் பக்கம். அப்போது நிற்கும் காரே சைக்கிளுக்குச் சுவர் ஆகிவிடுகிறது!

ராஜவீதியில் என்ன செய்வது?

தஞ்சைக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. அரண்மனையைச் சுற்றி இருக்கும் நாலு ராஜவீதிகளும் அந்தக் காலத்துக் கோட்டைக்குள் இருந்த வீதிகள். குதிரையும் பல்லக்கும் போன வழியில் இன்று பஸ் தவிர எல்லாம் போகப் பார்க்கின்றன. இரண்டு பக்கமும் கடை. இங்கே ஆறரை அடியை எங்கே இருந்து எடுப்பது?

இதற்கும் வழி இருக்கிறது. இடம் இல்லாத வீதியில் தனிப்பாதை போடவேண்டாம். வேகத்தைக் குறைத்தால் போதும். மணிக்கு 30-க்கு மேல் எந்த வண்டியும் போகமுடியாதபடி வேகத்தடை, குறுகலான முனை, ஒரு பக்கம் மட்டும் பார்க்கிங். எல்லா வண்டியும் மெதுவாகப் போனால் சைக்கிளும் காரும் ஒரே ரோட்டில் போகலாம்.

மருத்துவக்கல்லூரி ரோடு, திருச்சி ரோடு, நாஞ்சிக்கோட்டை ரோடு போன்ற அகலமான ரோடுகளில்தான் வண்டிகள் பறக்கின்றன. அங்கேதான் கல் வைத்துக் கட்டிய தனிப்பாதை தேவை. அங்கே இடமும் இருக்கிறது.

2016-ல் தஞ்சாவூரை ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்த்தார்கள். 2014-ல்தான் மாநகராட்சி ஆன ஊர். நல்ல அதிர்ஷ்டம். 2025 மார்ச்சோடு நாடு முழுவதும் அந்தத் திட்டம் முடிந்துபோனது. ஆனால் ரோடு போடுவது நிற்கப்போவது இல்லை. ஒவ்வொரு தடவை ரோட்டைத் தோண்டும்போதும், பாலம் கட்டும்போதும், வடிகால் மூடி போடும்போதும் ஆறரை அடியை ஒதுக்க ஒரு சந்தர்ப்பம் வருகிறது. கோட்டை விட்டால் அடுத்த பத்து வருடம் காத்திருக்கவேண்டியதுதான்.

"எங்கள் வியாபாரம்?"

கடைக்காரர்களுக்கு ஒரு பயம் உண்டு. "கடை வாசலில் வண்டி நிறுத்த விடாவிட்டால் கஸ்டமர் வருவாரா?" என்பது அந்தப் பயம். நியாயமான பயம்தான்.

ஆனால் ஒரு கணக்குப் பார்க்கலாம். ஒரு கார் நிற்கும் இடத்தில் எட்டு பத்து சைக்கிளைத் தாராளமாக நிறுத்தலாம். காரில் வருகிறவர் ஒருவர். சைக்கிளில் வருகிறவர் பத்துப் பேர். மளிகைக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் எது லாபம்? அதோடு பாதி நாள் கடை வாசலில் நிற்பது கஸ்டமரின் வண்டியா, கடைக்காரரின் சொந்த வண்டியா என்பதையும் அவரவர் மனதைத் தொட்டுச் சொல்லட்டும்!

வயல்காட்டு ரோட்டில் வேறு ஆபத்து

டவுனைத் தாண்டினால் ஆபத்து தீர்ந்ததா? இல்லை. உருவம்தான் மாறுகிறது.

திருவையாறு பக்கம் போனால் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று வரிசையாக ஆறுகள். பாலத்தில் ரோடு சுருங்கும் இடத்தில் பின்னால் வரும் பஸ் காத்திருக்காது. சைக்கிள்காரர் கைப்பிடிச் சுவரோடு ஒட்டிக்கொள்ளவேண்டியதுதான்.

வாய்க்கால் கரை ரோடுகளில் ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல். தடுப்புக்கட்டை கிடையாது. தார் ஒரு சாண் உயரத்துக்கு ஏறி, ஓரமண் கீழே இறங்கிவிட்டது. தாரில் இருந்து மண்ணுக்கு இறங்கினால் சக்கரம் வழுக்கும். மண்ணில் இருந்து தாருக்கு ஏறினால் ஹேண்டில்பார் திரும்பும். ஒதுங்கினால் வாய்க்கால், ஒதுங்காவிட்டால் லாரி!

அறுவடைக் காலம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ரோட்டில் பாதியில் நெல் காயும். மீதிப் பாதியில் இரண்டு பக்கமும் வண்டி போகவேண்டும். கொள்முதல் நிலையம் போகும் டிராக்டர் டிரெய்லரில் பின்விளக்கு எரியாது. வைக்கோல் ஏற்றிய வண்டி ரோட்டையே அடைத்துக்கொண்டு வரும். சேற்றுச் சக்கரத்தோடு டிராக்டர் போன இடம் குண்டும் குழியுமாகக் கிடக்கும்.

நெல் காயவைக்கக் களம் இல்லாத குறைக்கு விவசாயியைத் திட்டிப் பயன் இல்லை. களம் கட்டிக் கொடுத்தால் ரோடு காலியாகும். ஒரு டிரெய்லருக்கு ஒளிரும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட எவ்வளவு ஆகும்? ஒரு மூட்டை நெல் விலைகூட ஆகாது.

புதுக்கோட்டைப் பெண்கள் காட்டிய வழி

சைக்கிள் சாதாரண வண்டி அல்ல. பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையே சாட்சி.

1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தறிவு சொல்லிக்கொடுக்கும் இயக்கம். கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுக்கலாம் என்று முடிவு ஆனது. கேலி பேசினார்கள். "பொம்பளை சைக்கிள் ஓட்டுறதாவது!" என்றார்கள்.

கல் உடைக்கும் பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள் எல்லோரும் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஏறினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காவிட்டால் ஆம்பளை சைக்கிளிலேயே ஏறினார்கள். முன்பார் இருந்தால் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதை எழுதி உலகத்துக்கே தெரியவைத்தார்.

தண்ணீர் எடுக்க, சந்தைக்குப் போக, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக இனிமேல் அண்ணனையும் புருஷனையும் கெஞ்சவேண்டாம் என்று ஆயிற்று. அந்தப் பெண்களின் மகளும் பேத்தியும்தான் இன்று இலவச சைக்கிளில் பிளஸ்-1 போகிறார்கள். ரோடு பயம் என்று சொல்லி ஒரு வீட்டில் பெண்ணை நிறுத்திவிட்டால், பாட்டி ஜெயித்ததைப் பேத்தி தோற்றதாக ஆகிவிடும்.

ஹாலந்தில் தாய்மார்கள் போர்

"அது எல்லாம் வெளிநாட்டில்தான் நடக்கும்" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு தகவல். ஹாலந்து நாடு இன்று சைக்கிளுக்குப் பேர்போனது. ஆனால் அங்கேயும் ஒரு காலத்தில் கார் வெறி பிடித்து ஆடியது. 1971-ல் மட்டும் ரோடு விபத்தில் சுமார் 3 ஆயிரத்து 300 பேர் செத்தார்கள். அதில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள்!

தாய் தகப்பன்மார் ரோட்டில் இறங்கிவிட்டார்கள். இயக்கத்துக்கு அவர்கள் வைத்த பெயர் "குழந்தைக் கொலையை நிறுத்து". விபத்து என்று சொல்லவில்லை, கொலை என்றே சொன்னார்கள். 1973-ல் பெட்ரோல் பஞ்சம் வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடக்கூடாது என்று உத்தரவு வந்தது. வெறும் ரோட்டில் ஜனங்கள் சைக்கிள் விட்டார்கள். ருசி கண்டுவிட்டார்கள். பிறகுதான் அங்கே தனிப்பாதைகள் வந்தன. கேட்காமல் கிடைக்கவில்லை.

கோர்ட்டு என்ன சொல்கிறது?

இங்கேயும் ஒருவர் கேட்டார். கோவை எலும்பு முறிவு டாக்டர் எஸ்.ராஜசேகரன், விபத்தில் முறிந்து வரும் கை கால்களைப் பார்த்துப் பார்த்து 2012-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். அந்த வழக்கில்தான் பல உத்தரவுகள் வந்தன.

2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். மோட்டார் இல்லாத வண்டிகளுக்கும் நடப்பவர்களுக்கும் மாநில அரசாங்கம் விதி போடலாம் என்று அதில் சேர்த்தார்கள். விதி போட்டபாடு இல்லை. 2025 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு, "ஆறு மாதத்துக்குள் விதி போடுங்கள்" என்று மாநிலங்களுக்கு உத்தரவு போட்டது.

இன்னொரு பிரிவும் இருக்கிறது. அளவுப்படி ரோடு போடாததால் உயிர்ச்சேதம் ஏற்பட்டால், போட்ட காண்டிராக்டருக்கும் பொறுப்பான அதிகாரிக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். இந்தப் பிரிவை எத்தனை பேர் கேள்விப்பட்டு இருப்பார்கள்?

அடிபட்டால் என்ன செய்யவேண்டும்?

எல்லோரும் தெரிந்துகொள்ளவேண்டிய விஷயம் இது. கத்தரித்து வைத்துக்கொண்டாலும் நல்லது.

உடனே 108-க்குப் போன் செய்யவேண்டும். "போலீஸ் கேஸ் ஆகிவிடும்" என்று பயந்து ஒதுங்கவேண்டாம். உதவி செய்தவரைப் பெயர் சொல்லும்படிகூட வற்புறுத்தக்கூடாது என்று சட்டமே பாதுகாப்புக் கொடுக்கிறது.

தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கியவர் யாராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம்-நம்மைக் காக்கும் 48" திட்டம் இது. பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் செல்லும்.

சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் இல்லையே என்று கவலைப்படவேண்டாம். மோதிய வண்டியின் இன்சூரன்சில் நஷ்டஈடு கேட்கலாம். எப்.ஐ.ஆர். நகலும் ஆஸ்பத்திரிச் சீட்டும் பத்திரம். மனுவை ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுவது நல்லது.

மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டதா? நம்பர் தெரியாதா? அப்போதும் வழி உண்டு. 2022 ஏப்ரல் முதல் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும், படுகாயம் அடைந்தவருக்கு 50 ஆயிரம் ரூபாயும் கொடுக்கத் திட்டம் இருக்கிறது. வருவாய்த்துறை அலுவலகத்தில் மனு கொடுக்கவேண்டும். தெரியாமலேயே எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் விட்டுவிடுகின்றன.

சைக்கிள்காரர்களுக்கும் ஒரு வார்த்தை

எல்லாத் தப்பையும் அடுத்தவர் தலையில் போடுவதும் சரி அல்ல. எதிர்ப்பக்கத்தில் ஓட்டுவது, ஒரு கையில் செல்போன் வைத்துக்கொண்டு போவது, மூன்று பேர் கைகோத்துக்கொண்டு ரோட்டை அடைப்பது எல்லாம் எமனுக்கு லெட்டர் போடுவது மாதிரிதான்.

பின்னால் ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டர், முன்னால் ஒரு சின்ன விளக்கு. ராத்திரியில் வெளிர் சட்டை. லாரி, பஸ்சின் இடது பக்கத்தில் ஒட்டி நிற்காமல் பின்னாலேயே நிற்பது. நிற்கும் கார்களை விட்டு ஒரு கை தூரம் தள்ளிப் போவது. இவ்வளவும் செய்தால் பாதி ஆபத்து குறையும்.

மீதிப் பாதியை சைக்கிள்காரர் குறைக்க முடியாது. ரோடு போடுகிறவர்கள்தான் குறைக்க முடியும்.

கடைசிக் கணக்கு

நாளைக்கும் மணி நாலரை ஆகும். பள்ளிக்கூட மணி அடிக்கும். கேட் திறக்கும். சைக்கிள்கள் வெளியே வரும். வீட்டு வாசலில் ஒரு தாய் ஐந்தரை வரைக்கும் தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஐந்தே முக்கால் ஆகிவிட்டால் அவளுக்கு நெஞ்சு படபடக்கும்.

செத்துப்போனால் மனிதனுக்கு ஆறடி நிலம் உண்டு என்பார்கள். அது யார் கேட்காவிட்டாலும் கிடைத்துவிடும்.

இந்தப் பிள்ளைகள் கேட்பது உயிரோடு வீடு போய்ச்சேர ஆறரை அடி ரோடு. அந்த அரை அடிதான் இன்னும் யாருக்கும் மனம் வரவில்லை!